ஒற்றை மீனுக்கு ஒரு ஜோடி

என் வீட்டு மீன் இன்னொரு மீனைக் கொன்றது. அதற்காக அந்த மீனைப் பழித்தவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் அவசரமும் எனக்கில்லை.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடல் மீன். உள்ளங்கை அகலம் இருக்கும். உடம்பு முழுக்க வெளிர்நீலம், முகம் மட்டும் கருப்பு, முதுகில் மஞ்சள் துடுப்பு. சர்ஜன் மீன் என்பார்கள். வால் தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னக் கத்தி உண்டு. சும்மா இருக்கும்போது அது உடம்போடு மடங்கிக் கிடக்கும். வாலை வீசிச் சண்டைக்குப் போகும்போது வெளியே வரும். பெயர் அதனால் வந்தது. என்னிடம் நான்கு வருடமாக அப்படி ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்று.

அதே தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் ஓர் இறாலும் இருக்கின்றன. அவற்றோடு இதற்கு எந்தத் தகராறும் கிடையாது. தன்னைப் போலவே இருக்கும் இன்னொன்றைக் கண்டால்தான் இதற்கு ஆகாது. கடலில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு அதில் வளரும் பாசியை மேய்ந்து பிழைக்கிற மீன் அது. அதே பாசியைத் தின்ன அதே மாதிரி ஒருவன் வந்து நின்றால் விரட்டாமல் என்ன செய்யும்? விரட்டப்பட்டவன் கடலில் அடுத்த பாறைக்குப் போய்விடுவான். என் ஐந்தடிக் கண்ணாடித் தொட்டியில் அடுத்த பாறை கிடையாது. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை, சொல்வதைக் காதில் வாங்கினால் போதும்.

எனக்கு நாற்பத்தாறு வயது. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது கேட்டால் முறைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறந்தது மேலூர்ப் பக்கம். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன். அதை நான் எந்தச் சபையிலும் மறுத்ததில்லை. அவர் மறக்கவிட்டதுமில்லை.

போன வருடம் அவனியாபுரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். கடல் தொட்டியை நினைத்த நாளில் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட முடியாது. தண்ணீர் தெளிய வேண்டும், உப்பு ஓர் அளவில் நிற்க வேண்டும், மதுரை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின் புது இடத்தில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் பால்காய்ப்புக்கு மூன்று வாரம் முன்பே தொட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டேன். அண்ணனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"பால் காய்ச்சாத வீட்டுல மீனைக் குடியேத்திருக்கா பாரு!" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். பக்கத்திலிருந்த மதினி, அண்ணன் மனைவி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுலயும் ஒத்த மீனு" என்றார். அதற்கும் சிரித்தேன். அன்றைக்கே பல்லைக் காட்டாமல் இருந்திருக்க வேண்டும்.

வைகாசியில் முகூர்த்தம். காலையில் ஹோமத்துக்கு ஐயர் மனை போட்டு, "வீட்டுக்காரா வந்து உக்காருங்கோ" என்றார். நான் உட்காரப் போனேன். எங்கள் பெரியம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பதியாத்தேன் உக்காரணும்த்தா. ஒத்தையா உக்காரக் கூடாது."

அண்ணனும் மதினியும் போய் உட்கார்ந்தார்கள். பத்திரம் என் பெயரில், கரண்ட் கனெக்‌ஷன் என் பெயரில், மனையில் அவர்கள். பாலைக் காய்ச்சியதும் மதினிதான். அதற்கும் சுமங்கலிக் கைதான் வேண்டுமாம். பால் பொங்கி வழிந்தபோது எல்லாரும் குலவையிட்டார்கள். நான் அந்த நேரத்தில் யாருக்கோ காபி ஆற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு அடுப்பில் முதல் பால் பொங்கியதை நான் பார்க்கவில்லை. எரிச்சலைக் காட்டிக்கொள்ளவில்லை, விசேஷ வீட்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்று.

பிறகு பிறந்த வீட்டுச் சீர் வந்தது. குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளைக் குடம், பட்டுச்சேலை, வரிசையாகப் பழத்தட்டுகள். கடைசித் தட்டை அண்ணனே ஏந்திக்கொண்டு வந்தார். அதில் தண்ணீரும் காற்றும் நிரப்பி முடிச்சுப் போட்ட பாலிதீன் பை. பைக்குக் குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் ஒரு முழம் மல்லிகைப் பூவும் சுற்றியிருந்தார்கள். உள்ளே அதே வெளிர்நீலம், அதே கருப்பு முகம், அதே மஞ்சள் துடுப்பு.

"ஏத்தா, ஒன் மீனு ஒத்தையா கெடக்குதுல்ல. அதுக்குத்தேன் ஜோடி கொண்டாந்திருக்கேன். நல்லது பண்ற வீட்டுல ஒத்தையா எதுவும் இருக்கக் கூடாது" என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் மீனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணே, இது ஆகாதுண்ணே. ஒரே மாதிரி ரெண்டு மீன ஒரே தொட்டில விட்டா அடிச்சே கொன்டுரும்."

"நானும் ஒன் மதினியும் போடாத சண்டையா? நாலு நாள்ல எல்லாம் சரியாப் போகும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மதினிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் விடாமல், "இன்னைக்கு ஒரு நாள் வேற பாத்திரத்துல வச்சிருந்து நாளைக்குக் கடையில குடுத்துருவோம்ணே" என்றேன். பெரியம்மாவின் முகம் மாறியது. "அண்ணன் வச்ச சீரைக் கடையில குடுப்பியா?" என்று கேட்டார். பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பினால் பிறந்த வீட்டையே திருப்பியதாகத்தான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். பத்து வருடம் கழித்துக் காதுகுத்துக்குப் போனாலும் அதைத்தான் பேசுவார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

நான் பையை வாங்கினேன். தொட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டேன். அதற்குமேல் பொறுக்க யாரும் தயாராக இல்லை. மூடியைத் திறந்தேன். முடிச்சை அவிழ்த்தேன். விட்டேன். குலவை கேட்டது. இரண்டாவது குலவை. முதலாவதைப் போல இல்லாமல் இதற்கு நான் நேரிலேயே நின்றிருந்தேன்.

என் மீன் முதலில் அசையவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்தது. பிறகு நிறம் இரண்டு மடங்கு ஏறி, துடுப்பெல்லாம் விரிய வெளியே வந்தது. "பாரு, மாப்ள வந்துட்டாரு" என்று யாரோ கத்தினார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. போட்டோ எடுத்தார்கள். அடுத்த நொடி என் மீன் உடம்பைத் திருப்பி வாலை வீசியது. புதிய மீனின் விலாவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இலை போட்டாகிவிட்டது என்று சாப்பிடப் போனார்கள்.

அன்றைக்கு முழுக்க வீட்டில் ஆட்கள். சாயந்திரம் அவர்கள் கிளம்பியதும் வலையை எடுத்தேன். புதிய மீன் பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. பிடிக்க முடியவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தொட்டிக்கு வெளியே கண்ணாடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டினேன். இந்த மாதிரி மீன்களின் கவனத்தைத் திருப்ப அது ஒரு வழி. தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்து அதோடு சண்டை போடும். என் மீனும் போட்டது. ஒரு மணி நேரம் போட்டது. பிறகு கண்ணாடிக்குள் இருப்பவன் எங்கேயும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, வந்தவனிடமே திரும்பிப் போனது. காய்ந்த கடல்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டிவிட்டேன். பழையது தின்றது. புதியது கிட்டே வந்தால் வெட்டுப்பட்டது.

மூன்றாம் நாள் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். நான்கு வருடமாக நான் அடுக்கிய பாறைகள். தோள்வரை உப்புத் தண்ணீரில் கையை விட்டு, ஒருவழியாகப் புதிய மீனைப் பிடித்து, காய்கறிக் கூடை ஒன்றைத் தண்ணீரில் கட்டி அதற்குள் தனியாக விட்டேன். அதன் துடுப்பில் பாதி இல்லை. உடம்பெல்லாம் கோடு. அந்த நேரத்தில் மதினி போன் செய்தார்.

"என்னம்மா, ஜோடி சேந்துருச்சா?"

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டில் கேட்க ஆளில்லாதது வசதியாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலையில் கூடைக்குள் அது செத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. சேதி தெரிந்ததும் ஒருவர் விடாமல் போன் செய்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சீர் செத்துப்போனால் வீட்டுக்கு ஆகாதாம். அந்தப் பழைய மீனுக்கு ராசி இல்லையாம். "கொலகாரப் பய மீனு, அதைக் கொண்டுபோய் எங்கயாச்சும் விட்ருத்தா" என்றார் பெரியம்மா. வெட்டுப்படும் என்று நான் சொல்லியும் கேட்காமல் அதைக் கொண்டுவந்து தள்ளியவர்கள் யாரும் கொலைகாரர்கள் இல்லையாம். தன் இடத்தில் இருந்த மீன்தான் கொலைகாரனாம். உடனே இதை என் கதையோடு முடிச்சுப் போட்டு, பாவம், மீனில் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். நான் மீன் இல்லை. அந்தப் பையை முப்பது பேருக்குப் பயந்து திறந்தது என் கைதான். அந்த மீனைக் கொன்ற பழியில் முதல் பங்கு என்னுடையது. அதனால்தான் மற்றவர்கள்மேல் எனக்கு இத்தனை ஆத்திரம்.

அண்ணன் மட்டும் போன் செய்யவில்லை. வருத்தத்தில் இருக்கிறார் என்று நினைத்து நானே பேசி, "விடுங்கண்ணே, போகட்டும்" என்று சமாதானம் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்"மில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆனி மாதக் கடைசி. வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில் இருந்தபோது அண்ணன் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"ஏத்தா, ஆடி பொறக்குறதுக்குள்ள முடிச்சுப்புட்டேன். வீட்டுக்குப் போயிப் பாரு."

வீடு கட்டும்போது நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் கொத்தனார்களைப் பார்த்துக்கொண்டது அண்ணன். அதற்காகக் கொடுத்த சாவி அவரிடமே இருந்தது. திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சாவியைப் போட்டுத் திறந்து, நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுக்குள் போயிருக்கிறார். பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். தொட்டியின் மூடி ஒருபக்கமாகக் கிடந்தது. தரையெல்லாம் தண்ணீர். நான் வழக்கமாகப் போகும் கடையின் பெயர் போட்ட காலிப் பாலிதீன் பை சிங்க்கில். தொட்டியின் மேல் மூலையில், மோட்டாருக்குப் பின்னால், இன்னொரு வெளிர்நீல மீன் ஒடுங்கி நின்றது. விலாவில் ஏற்கெனவே மூன்று கோடு.

இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நல்ல நேரம் பார்க்கவில்லை. கூடையை இறக்கி, மூலையில் நின்றதை ஒரே முயற்சியில் பிடித்து உள்ளே விட்டேன். மறுநாள் சனிக்கிழமை, லீவு. மூடி போட்ட பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரை மாட்டி, மீனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்படியே மேலூருக்குக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் என் கோபத்துக்காக வெட்டுப்பட்ட மீனை முப்பது கிலோமீட்டர் குலுக்கிக்கொண்டு போக மனசு வரவில்லை. நேராக அதை விற்ற கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பக்கெட்டைத் திறந்து பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் ரெண்டு தடவையும் சொன்னேன்க்கா. ஒரே ஜாதி ரெண்டு சேராதுண்ணே, ஒண்ணு செத்துரும்னு. அதுக்கு அவரு, 'ஒரே ஜாதிதேன்யா சேரும்'ங்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

இரண்டு தடவையும். அதாவது முதல் மீனை வாங்கும்போதே அண்ணனுக்குத் தெரியும். அது செத்தபிறகு இரண்டாவதை வாங்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டார் என்று இரண்டு மாதமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அங்கேயே உடைந்தது. கடைக்காரர் மீனைத் தனித் தொட்டியில் விட்டு, பிழைத்துவிடும் என்றார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மேலூர் பஸ் ஏறினேன்.

அண்ணன் முன்வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாத்தா, வா. என்ன, ரெண்டும் எப்புடி இருக்கு?" என்றார். அந்த முகத்தில் துளிகூடக் கள்ளம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"கடைக்காரரு ஒங்கள்ட்ட சொன்னாராம்ல?"

"அவன் ஆயிரம் சொல்லுவான். பழக்குனா எல்லாம் பழகும்."

"மொத மீனு செத்துச்சேண்ணே."

மதினி உள்ளிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அண்ணனுக்கும் கோபம் ஏறுவது தெரிந்தது.

"ஒத்தையாவே கெடந்து கெடந்து அதுக்கும் ஒன் புத்தி வந்துருச்சு. யாரையும் கிட்டச் சேக்க மாட்டேங்குது. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா யாருத்தா இருக்கா அந்த வீட்டுல? அதை நெனச்சு எனக்குத் தூக்கமில்ல. ஒனக்கு மீனு பெருசாப் போச்சு."

அவர் அதை நெஞ்சிலிருந்துதான் சொன்னார். எனக்குத் தெரியும். என்னை நினைத்துக் கவலைப்படுகிற ஒரே ஆள் அவர். அந்தக் கவலைக்கு என் வீட்டுக் கதவு, என் மனை, என் அடுப்பு, என் தொட்டி எல்லாவற்றிலும் நுழைய உரிமை இருக்கிறது என்று அவர் நம்பினார். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருந்தால் ஆவணியில் மூன்றாவது மீன் வந்திருக்கும். அல்லது மாடி அறையில் யாராவது ஒரு துணை வந்து உட்கார்ந்திருப்பார். நான் அலுவலகத்திலிருந்து வந்து தெரிந்துகொண்டிருப்பேன்.

"அண்ணே, என் வீட்டுச் சாவியக் குடுங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளிறியது.

"அண்ணன்கிட்டயா சாவி கேக்குற?"

"ஆமாண்ணே."

மதினி, "என்னம்மா இது, வார்த்தைய அளந்து பேசு" என்றார். அண்ணன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். உள்ளே போனார். பீரோவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வந்து சாவியை என் கையில் தராமல் வாசல் திண்டின்மேல் வைத்தார்.

"அப்ப இனிமே ஒன் வீட்டுக்கு நான் பெல் அடிச்சுட்டுத்தேன் வரணும்."

"ஆமாண்ணே. பெல் அடிங்க. நான் ஓடியாந்து தொறக்குறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் கெஞ்சிச் சொன்னேன். அவர் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். சாவியை எடுத்துக்கொண்டு, மதினி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. நான் செய்தது தப்பு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. பாறைகளை மறுபடி அடுக்கிவிட்டேன். மீன் நன்றாக இருக்கிறது, ஒற்றையாகத்தான் இருக்கிறது. ஆவணி போனது, தீபாவளி போனது. மதினி இரண்டு தடவை போன் செய்தார்; பின்னால் டிவிச் சத்தம் கேட்கும், அண்ணன் இருமுவது கேட்கும், போன் கை மாறாது.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில், கோலம் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பெல் அடித்தது. ஈரக் கையோடு ஓடி வந்து கதவைத் திறந்தேன். லோடு ஆட்டோக்காரர் ஒருவர் ஒரு கட்டுக் கரும்பையும் பச்சரிசி மூட்டையையும் வாசலில் இறக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

"மேலூர்ல இருந்து குடுத்துவிட்டாகக்கா. உள்ள கொண்டாந்து வைக்கட்டான்னு ஒங்களக் கேட்டுட்டு வைக்கச் சொன்னாக" என்றார்.